இரும்பு ஷெல்ஃபுக்கு மறுபடி பெயிண்ட்: கை வைத்தால் வழுக்க வேண்டும்

அடுப்படிச் சுவரில் மாட்டியிருக்கும் இரும்பு ஷெல்ஃபுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடிக்க நினைக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் எதையும் மறைக்காது. அடியில் இருக்கும் துருக்குழி, பழைய பெயிண்ட் உரிந்த விளிம்பு, எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு சின்ன மணல் துகள் எல்லாமே மேலே வந்து நிற்கும். அதுவும் பளபளப்பான எனாமல் என்றால், முன்பு தெரியாத மேடு பள்ளம்கூடப் புதுசாகத் தெரியும். வழவழப்பு வேண்டுமென்றால் உழைப்பில் முக்கால்வாசி டின்னைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அப்பா தூத்துக்குடியில் பீரோ பட்டறை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை முழுக்க நான் அங்கேதான் கிடப்பேன். தகடு வளைக்கிற பக்கமும் வெல்டிங் பக்கமும் என்னை விடமாட்டார். பெயிண்ட் பகுதியில் உட்கார்ந்து உப்புத்தாள் போடுகிற வேலைதான் எனக்கு. ஒரு கதவைத் தேய்த்து முடித்ததும் அப்பா வந்து மெல்லிய பருத்தித் துணியை அதன் மேல் விரித்து, துணிக்கு மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் ஓட்டுவார். வெறும் கை தகட்டில் பிடித்துக்கொள்ளும். துணி இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும், அப்போது முடியளவு மேடுகூடக் கைக்குத் தட்டுப்படும். “கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது” என்பார். இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சோதனை அடிக்கடி வரும்.

நான் மனதில் வைத்து எழுதுவது அம்மாவின் அடுப்படி ஷெல்ஃபை. மூன்று அடி அகலம், ஒரு அடி ஆழம், மூன்று தட்டு, 22 கேஜ் தகடு. அஞ்சறைப்பெட்டியும் பருப்பு டப்பாக்களும் இருந்த ஷெல்ஃப். உங்களுடையது புத்தக ஷெல்ஃபாகவோ குளியலறை ஷெல்ஃபாகவோ இருந்தாலும் வேலை இதேதான்.

எப்போது, எங்கே

எங்கள் ஊரில் தை முதல் பங்குனி வரைதான் இதற்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயிண்ட் காயாது, பளபளப்பும் மங்கிப்போகும். ஆனி, ஆடியில் மழை இல்லாவிட்டாலும் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிவிடும். உங்கள் ஊர்க் காற்றும் மழையும் உங்களுக்குத்தான் தெரியும்; ஈரமும் புழுதியும் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடி வெயிலில் வைத்து அடிக்காதீர்கள். தகடு சூடாகிவிட்டால் பெயிண்டில் இருக்கும் தின்னர் சட்டென்று பறந்துவிடும், பிரஷ் கோடுகள் சமனாவதற்கு நேரமே கிடைக்காது. நிழலும் காற்றோட்டமும் உள்ள வராண்டா சரியான இடம். தரையில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி எழும்பாது. காலை ஒன்பதரைக்கு மேல், பனி ஈரம் முழுக்கப் போனபின் ஆரம்பித்து மதியத்துக்குள் முடிப்பது நல்லது. சாயங்காலம் விளக்கைப் போட்டு அடித்தால் பூச்சியெல்லாம் வந்து உட்காரும். மழை பெய்து ஓய்ந்த அன்றைக்கு ஈசல் வந்தால் கேட்கவே வேண்டாம்.

என்ன வாங்க வேண்டும்

இந்த அளவு ஷெல்ஃபுக்கு உள்ளும் புறமுமாகச் சேர்த்து ஏறக்குறைய 30 சதுர அடி வரும். ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டிங்குக்கு 100 சதுர அடிக்கு மேலேயே போகும். எதையும் இரண்டு மூன்று கோட்டிங் அடிக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு லிட்டர் எனாமல், ஒரு லிட்டர் ரெட் ஆக்சைடு பிரைமர் (துருவைத் தடுக்கும் செந்நிற அடிப்பூச்சு) போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். டர்பன்டைன் அரை லிட்டர். என்.சி. தின்னர் சின்ன பாட்டில் ஒன்று. அது சோதனைக்கு மட்டும். உப்புத்தாளில் 80, 120, 220, 320, 400 நம்பர்கள். நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். 400 மட்டும் கறுப்பு வாட்டர் பேப்பராக, இரண்டு மூன்று தாள் சேர்த்தே வாங்குங்கள். கம்பி பிரஷ், பட்டித் தகடு, இரும்புப் பட்டி, ஒன்றரை அங்குலம் அல்லது இரண்டு அங்குல பிரஷ், நான்கு அங்குல ஸ்பாஞ்ச் ரோலர். மூக்குக்கு மாஸ்க், கைக்கு உறை.

பிரஷ்ஷில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மலிவுப் பிரஷ்ஷின் முடி உதிர்ந்து பெயிண்டோடு காய்ந்துவிடும். கடையிலேயே முடியை விரல்களால் விரித்து இழுத்துப் பாருங்கள். நுனி மழுங்கியதுபோல் வெட்டி விட்டிருந்தால் கோடு விழும். நுனி மெலிந்து போயிருந்தால் நல்லது. வாங்கிய பிரஷ்ஷையும் உள்ளங்கையில் பலமுறை தட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகே பெயிண்டில் நனையுங்கள்.

கடை அண்ணாச்சியிடம் வெறுமனே “பட்டி” என்று கேட்டால் சுவர்ப் பட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. அது வெள்ளை சிமெண்ட் கலந்தது. இரும்பில் பிடிக்காது, கொஞ்ச நாளில் ஓடு ஓடாக விட்டுவிடும். “இரும்புக்குப் போடுற பட்டி” என்று சொல்லியே வாங்குங்கள்.

கழற்று, கழுவு

சுவரில் மாட்டிய நிலையிலேயே அடித்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். துரு முதலில் பிடிப்பது சுவரோடு ஒட்டியிருக்கும் பின்பக்கத்தில்தான். அங்கேதான் ஈரம் தங்கும், நம் கண்ணும் படாது. கழற்றி இறக்கிப் பார்த்தால்தான் ஷெல்ஃபின் உண்மையான நிலைமை தெரியும். திருகாணிகளைத் தட்டுவாரியாகத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வையுங்கள்.

அடுத்தது கழுவுவது. உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்பே கழுவ வேண்டும், இந்த வரிசை மாறக்கூடாது. அடுப்படி ஷெல்ஃபில் தாளித்த எண்ணெய்ப் புகை படிந்து பிசினாக இருக்கும். கழுவாமல் தேய்த்தால் அந்த எண்ணெயை நாமே தகட்டின் கீறல்களுக்குள் அழுத்தி ஏற்றிவிடுகிறோம். பிறகு அடிக்கும் பெயிண்ட் அந்த இடத்தில் சேராமல் விலகி, சின்னச் சின்ன வட்டக் குழியாக நிற்கும். வெந்நீரில் வாஷிங் சோடா கலந்து, கை உறை போட்டுக்கொண்டு, தேங்காய் நாராலோ ஸ்க்ரப்பராலோ தேய்த்துக் கழுவுங்கள். பிசுக்கு போனதா என்று தெரிந்துகொள்ள மேலே தண்ணீரை ஊற்றுங்கள். ஒரே தகடாகப் பரவி ஓடினால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

கடலோர ஊர்க்காரர்கள் கடைசியில் நல்ல தண்ணீரில் இன்னும் இரண்டு தரம் அலச வேண்டும். இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. தகட்டில் படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் உள்ளுக்குள் துருப்பிடித்துக் கொப்பளமாக எழும்பும். உப்புக் கரிக்கிற போர் தண்ணீரில் அலசினால் அலசியதற்குப் பயனில்லை. அலசியதும் துணியால் துடைத்து, நல்ல வெயிலில் காயவிடுங்கள். மடிப்புக்குள்ளும் மூலையிலும் தண்ணீர் நிற்கும், ஷெல்ஃபைக் கவிழ்த்துத் திருப்பி வையுங்கள்.

பழைய பெயிண்ட் எந்த ஜாதி?

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பஞ்சில் என்.சி. தின்னரைத் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஒரு நிமிடம் அழுத்தி வையுங்கள். கலர் கரைந்து பஞ்சில் ஒட்டினால் அது தின்னர் பறந்தே காயும் லேக்கர், அதாவது டூகோ அல்லது டப்பா ஸ்ப்ரே. தோல் நெளிந்து சுருங்கினால் சாதாரண எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூளையில் உருக்கியது) அல்லது சூளையில் சுட்ட பெயிண்ட்.

இது எதற்கு என்றால், பழைய எனாமல் மேல் டூகோவையோ டப்பா ஸ்ப்ரேயையோ நேரடியாக அடிக்கக்கூடாது. அதில் இருக்கும் கடுமையான தின்னர் கீழே இருக்கும் எனாமலை ஊறவைத்து நெளித்துவிடும். தவளைத் தோல் மாதிரி ஆகிவிட்டால் மொத்தத்தையும் சுரண்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. மாறாக, நன்றாகக் காய்ந்த டூகோ மேல் எனாமல் அடிக்கலாம். பவுடர் கோட்டிங் உறுதியாக இருந்தால் அதை உரிக்கப் பாடுபடாதீர்கள், அதைவிட நல்ல அடித்தளம் நம்மால் போட முடியாது. 320 தாளில் பளபளப்பு சாகும்வரை தேய்த்துவிட்டு அதன் மேலேயே பிரைமர் போடலாம்.

அடுத்து ஒட்டுச் சோதனை. பிளேடால் பழைய பெயிண்டில் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டம் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்தப் பெயிண்ட் மேல் எதை அடித்தாலும் நிற்காது, முழுக்க எடுத்துவிட வேண்டும். கட்டம் அசையாமல் இருந்தால் துரு உள்ள இடத்தை மட்டும் சுத்தம் செய்து, மற்ற இடங்களை 220 தாளில் மங்கலாக்கினால் போதும்.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2016ல் வந்தது. 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஷெல்ஃப் என்றால், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என்றால், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். உலர்வாகத் தேய்த்துத் தூசி பறக்கவிடாமல், வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேயுங்கள். மாஸ்க் கட்டாயம். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். சேறுபோல் வருவதைப் பழந்துணியில் வழித்து, கட்டிப் போடுங்கள். செடித் தொட்டிக்கோ வாசலுக்கோ கழுவி விடாதீர்கள்.

துரு

மேலோட்டமான துருவைக் கம்பி பிரஷ்ஷும் 80 தாளும் எடுத்துவிடும். குழிக்குள் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் துரு அப்படி வராது. அதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி கடையில் கிடைக்கிறது. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை தடவி வைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் நன்றாகக் கழுவி, உடனே துடைத்துக் காயவையுங்கள். கழுவாமல் விட்ட அமிலம் பிரைமரைப் பிடிக்கவிடாது. கழிவறை ஆசிட்டை ஊற்றிச் சுத்தம் செய்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது துருவைக் கரைக்கும், அடுத்த நாளே இரண்டு மடங்காகத் துருவை வரவழைக்கும். அதைத் தொடாதீர்கள்.

துருவை எடுத்த இடத்தில் நல்ல பெயிண்டும் வெறும் தகடும் சந்திக்கிற விளிம்பு ஒரு படிக்கட்டாக நிற்கும். வழவழப்பைக் கெடுப்பதில் முதல் இடம் இந்த விளிம்புக்குத்தான். 120 தாளில் ஆரம்பித்து, பிறகு 220 என்று விளிம்பை வெளிப்பக்கமாகச் சரித்துக்கொண்டே போங்கள். பல கோட்டிங் ஏறிய ஷெல்ஃபாக இருந்தால், சரிக்கச் சரிக்க ஒவ்வொரு காலத்துக் கலரும் வளையம் வளையமாகத் தெரியும். அம்மாவின் ஷெல்ஃபில் வெளியே கிரீம், அதற்குள் பிஸ்தா பச்சை, அதற்குள் சாம்பல், நடுவில் இரும்பு. அந்த வளையங்கள் ஒவ்வொன்றும் விரலகலத்துக்கு விரிந்திருந்தால் சரிவு போதும். நூல் நூலாக நெருங்கி இருந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். கையை ஓட்டிப் பாருங்கள், விளிம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியக்கூடாது.

வெறும் தகடு தெரிந்த அன்றைக்கே பிரைமர் போட்டுவிட வேண்டும். ராத்திரி ஈரக்காற்றில் விட்டால் காலையில் மஞ்சளாகப் பூத்திருக்கும். தேய்த்த இடத்தை வெறுங்கையால் தொடவும் வேண்டாம், வியர்வை பட்ட இடத்தில் விரல் அச்சு அப்படியே துருவாகத் தெரியும்.

உரிந்த இடத்தில் செந்துரு இல்லாமல் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தால் அது ஜி.ஐ. தகடு, துத்தநாகம் பூசியது. அதன் மேல் சாதாரண எனாமலும் ரெட் ஆக்சைடும் நிற்காது. நாளடைவில் ஏடு ஏடாக உரியும். அதற்கென்று இருக்கும் எட்ச் பிரைமரைக் கேட்டு வாங்கிப் போட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

பள்ளம் அடைப்பதும் பிரைமரும்

ஆழமான நசுங்கலும் துருக்குழியும் இருந்தால் கார் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் இரண்டு பொருள் பட்டி நல்லது. டின் ஒன்று, அதோடு சின்ன ட்யூபில் ஹார்டனர். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர் போதும். நம் ஊர் வெயிலுக்கு ஐந்தாறு நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடும், அதனால் எலுமிச்சை அளவுக்கு மேல் ஒரே தடவையில் குழைக்காதீர்கள். இதை 80 தாளில் கீறல் விட்ட வெறும் இரும்பின் மேல், பிரைமருக்கு முன்பே போட வேண்டும். அரை மணி நேரத்தில் தேய்க்கத் தயாராகிவிடும். சின்னக் கீறல்களுக்கும் ஊசிக் குழிகளுக்கும் இது தேவையில்லை. அவற்றுக்குப் பிரைமர் காய்ந்தபின் டின்னில் வரும் பேஸ்ட் பட்டியை மெல்லிசாக இழுத்தால் போதும்.

பட்டியைப் பட்டித் தகட்டில் எடுத்து, கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஒரே இழுப்பாக இழுங்கள். பள்ளத்தில் மட்டும் தங்கி, சுற்றிலும் ஒன்றும் மிச்சம் இல்லாமல் வர வேண்டும். பள்ளம் ஒரே தடவையில் நிரம்பாவிட்டால் பரவாயில்லை, காயவிட்டு இன்னொரு தடவை இழுங்கள். கனமாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும், பிறகு வெடிக்கும்.

பிரைமர் போடுவதற்கு முன்னால் டர்பன்டைன் தொட்ட துணியால் ஷெல்ஃப் முழுக்கத் துடைத்துக் காயவிடுங்கள். திருகாணி ஓட்டைகளில் தீக்குச்சி செருகி வைத்தால் மரைக்குள் பெயிண்ட் இறங்காது. அப்புறம் முதலில் விளிம்புகள், மடிப்புகள், வெல்டிங் புள்ளிகள் இவற்றை மட்டும் சின்னப் பிரஷ்ஷால் பூசுங்கள். கூரான விளிம்பில் எந்தப் பெயிண்டும் தங்காமல் இரண்டு பக்கமும் விலகி ஓடும், அங்கே படலம் எப்போதுமே மெல்லிசு. எந்த இரும்புச் சாமானை எடுத்துப் பார்த்தாலும் துரு விளிம்பிலிருந்து தொடங்கியிருப்பது அதனால்தான். விளிம்பு தொட்டு உலர்ந்தபின் மொத்தத்துக்கும் ஒரு கோட்டிங். ரெட் ஆக்சைடைக் கனமாகப் போட்டால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்க வேண்டாம். மெல்லிசாக இரண்டு கோட்டிங்தான் உறுதி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ராத்திரியாவது விடுங்கள்.

பிரைமரையும் பட்டியையும் நான் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதில்லை. இரண்டும் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். உலர்வாக 220, பிறகு 320. உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். வெறும் விரலால் பிடித்தால் விரல் அழுத்தும் இடமெல்லாம் வாய்க்கால் மாதிரி பள்ளமாகும்.

இனி, பட்டறையில் கற்ற ஒரு வேலை. பிரைமர் மேல் கரித்தூளைப் பஞ்சில் தொட்டு லேசாகப் பூசுங்கள். பென்சில் தூளும் சரிதான். தகடு முழுக்க மங்கலான கறுப்பாக வரும். இப்போது 320 தாளைக் கட்டையில் சுற்றி மெதுவாகத் தேயுங்கள். மேடுகளில் கறுப்பு உடனே போய்விடும், பள்ளங்களில் கறுப்பு அப்படியே தங்கும். இவ்வளவு நேரம் சமமாகத் தெரிந்த தட்டில் எங்கெங்கே குறை என்று வரைபடமாகத் தெரிந்துவிடும். கறுப்பு தங்கிய இடத்துக்கு மட்டும் பேஸ்ட் பட்டி, காய்ந்ததும் மறுபடி கரித்தூள், மறுபடி தேய்ப்பு. கரி முழுக்க ஒரே சீராகப் போகும்வரை இதைச் செய்ய வேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் வழவழப்பு என்று நாம் கேட்பது இங்கேதான் உருவாகிறது, அதனால் இதில் நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

தேய்க்கும்போது எங்காவது இரும்பு பளிச்சென்று எட்டிப் பார்த்தால் அந்த இடத்துக்குப் பிரைமர் தொட்டுவிடுங்கள். கடைசியில் அறை விளக்கை அணைத்து, கைபேசி டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து அடித்துப் பாருங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தெரியாத மேடெல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விடும். அப்புறம் துணியும் உள்ளங்கையும். கை தங்குதடையின்றிப் போனால் எனாமல் டின்னைத் திறக்கலாம்.

எனாமல்

எந்தப் பளபளப்பு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முழுப் பளபளப்பு எண்ணெய்ப் பிசுக்கு துடைக்க வசதி, ஆனால் சின்னக் குறையையும் பெரிதாகக் காட்டும். அடர்ந்த கலராக இருந்தால் இன்னும் அதிகம். முதல் தடவை செய்கிறவர்கள் பளபளப்பு குறைந்த சாட்டின் எனாமலில் வெளிர் நிறம் ஒன்றை எடுப்பது நல்லது. சிவப்புப் பிரைமர் மேல் வெள்ளையோ கிரீமோ அடித்தால் மூன்று கோட்டிங் வேண்டிவரும். சாம்பல் நிறப் பிரைமர் கிடைத்தால் இரண்டில் முடியும்.

டின்னைத் திறந்ததும் மேலே ஆடை கட்டியிருந்தால் அதைக் கலக்கிவிடாமல் ஓரமாக வெட்டி எடுத்துவிடுங்கள். அடிவரை தட்டையான குச்சியால் கலக்குங்கள், குலுக்காதீர்கள், நுரை ஏறும். பிறகு இரண்டு மடிப்புக் கொசுவலையில் வடிகட்டுங்கள். நைலான் கொசுவலை நார் விடாது, பழைய பருத்தித் துணி விடும். புது டின்தானே என்று வடிகட்டாமல் விடாதீர்கள், புது டின்னிலும் சின்னக் கட்டிகள் இருக்கும்.

பெயிண்டை இளக்க டர்பன்டைன் 5 முதல் 10 சதவீதத்துக்குள் கலந்தால் போதும். குச்சியைத் தூக்கினால் பெயிண்ட் அறுபடாத நூலாக இறங்க வேண்டும். கீழே விழுந்த கோடு இரண்டு மூன்று நொடியில் கலந்து மறைய வேண்டும். கோடு அப்படியே நின்றால் கெட்டி, பிரஷ் கோடும் அப்படியேதான் நிற்கும். சொட்டுச் சொட்டாகத் தெறித்தால் நீர்த்துவிட்டது, செங்குத்துப் பக்கங்களில் வழியும்.

ஷெல்ஃபைக் கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் முதல் நாள் முடியுங்கள். மேல்தட்டும் முகப்பும் மறுநாள். கண்ணில் படும் பரப்பு எப்போதும் படுக்கைவாட்டில் இருக்கும்படி ஷெல்ஃபைத் திருப்பி வைத்துக்கொண்டால் பெயிண்ட் தானாகச் சமனாகும், வழியவும் செய்யாது.

தட்டையான பரப்புக்கு ஸ்பாஞ்ச் ரோலரால் மெல்லிசாகப் பரப்பி, உடனே காலிப் பிரஷ்ஷால் மேலே தடவி விடுவதுதான் வீட்டில் செய்ய முடிந்ததிலேயே நல்ல முறை. ரோலர் அளவைச் சமமாக்கும், ஆனால் குமிழி விடும். பிரஷ் அந்தக் குமிழியை உடைக்கும். இந்தக் கடைசித் தடவலில் பிரஷ்ஷை ஏறக்குறையப் படுக்கவைத்து, நுனி மட்டும் படும்படி, தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் ஓட்டி, விளிம்பைத் தாண்டிக் காற்றில் எடுத்துவிட வேண்டும். நடுவில் பிரஷ்ஷை நிறுத்தினால் அந்த இடத்தில் தழும்பு. அடுத்த ஓட்டம் முந்தைய ஓட்டத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தொட்டபடி. ஒரு தட்டை முழுக்க முடித்துவிட்டுத்தான் நிமிர வேண்டும், பாதியில் யாராவது கூப்பிட்டாலும் போகாதீர்கள். ஓரம் காய ஆரம்பித்தபின் அதோடு சேர்த்து அடித்தால் பட்டை தெரியும்.

முடித்தபின் ஒரு இடம் திட்டாகத் தெரிகிறதே என்று திரும்ப வந்து தொடுவதுதான் பெரிய ஆபத்து. சில நிமிடங்களில் மேல்தோல் பிடிக்கத் தொடங்கிவிடும். அதில் பிரஷ் பட்டால் இழுபட்டுக் கோடாகும். விட்டுவிடுங்கள். வழிசல், ஒட்டிய முடி, பூச்சி எல்லாவற்றையும் நன்றாகக் காய்ந்தபின் தேய்த்துச் சரி செய்துகொள்ளலாம்.

எனாமல் வெறுமனே தின்னர் பறந்து காய்வதில்லை. காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அதனால் கனமாக அடித்தால் மேல்தோல் மூடிக்கொண்டு உள்ளே காற்று போகாது, அடியில் பிசுபிசுப்பு தங்கும். ஒரு கோட்டிங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு முழு நாள் விடுவேன். அந்த இடைவெளியில் 400 வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மரக்கட்டையில் சுற்றி, லேசாகத் தேய்க்க வேண்டும். பெயிண்டின் நிறத்தில் குழம்பு வரும். துடைத்துப் பார்த்தால் பரப்பு முழுக்க ஒரே மங்கலாக இருக்க வேண்டும். பளபளப்பான புள்ளிகள் மிச்சம் இருந்தால் அவைதான் இன்னும் பள்ளம். அவை மறையும்வரை தேய்த்து, கழுவி, துடைத்து, ஈரம் போனபின் அடுத்த கோட்டிங். கடைசிக் கோட்டிங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக டர்பன்டைன் கலந்து மெல்லிசாக அடியுங்கள்.

டப்பா ஸ்ப்ரேதான் வேண்டும் என்கிறவர்கள் தின்னர் சோதனையை மறக்க வேண்டாம். கீழே எனாமல் இருந்தால் வேண்டாம்; வெறும் தகடு, பவுடர் கோட்டிங், பழைய டூகோ என்றால் தாராளமாக. கடைக்காரரிடம் அதே வகைப் பிரைமர் டப்பாவும் கேட்டு வாங்குங்கள். கட்டுக்கம்பியில் ஷெல்ஃபைத் தொங்கவிட்டு, உள்ளே குண்டு உருளும் சத்தம் வந்தபின்னும் இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று அடியுங்கள். விளிம்புக்கு வெளியே விசையை அழுத்தி, மறுவிளிம்பு தாண்டியபின் விடுங்கள். கை வட்டமாகச் சுழலாமல் தகட்டுக்கு இணையாகப் போக வேண்டும். முதல் கோட்டிங் வெறும் தூவல்தான், கீழே இருப்பது தெரிந்தால் தெரியட்டும்.

டர்பன்டைன், தின்னர், எனாமல் எல்லாமே தீப்பிடிக்கும் பொருள்கள். வேலை நடக்கும் இடத்தில் அடுப்பும் ஊதுபத்தியும் வேண்டாம். எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், குவியலுக்குள் சூடு ஏறித் தானாகவே பற்றக்கூடும். கொடியில் விரித்துக் காயவிட்டபின் குப்பையில் போடுங்கள்.

மாட்டும்போது

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நகத்தால் அழுத்திப் பாருங்கள். அச்சு விழுந்தால் இன்னும் ஆக வேண்டும். ஒரு வாரம் காற்றாட விட்டுத்தான் மாட்டுவது நல்லது. முழு உறுதி வர அதற்கு மேலும் மூன்று வாரம் போல் ஆகும். அதுவரை கனமான டப்பாக்களை வைத்தால் அடிவட்டம் பதிந்துவிடும். செய்தித்தாள் விரிப்பது இன்னும் மோசம், தாள் ஒட்டிக்கொண்டு எழுத்தோடு பெயர்ந்து வரும். முதல் மாதம் எதையும் விரிக்காமல், லேசான சாமான்களை மட்டும் வையுங்கள்.

சுவரோடு நேரடியாக ஒட்ட வேண்டாம். ஒவ்வொரு திருகாணிக்கும் பின்னால் ஒரு ரப்பர் வாஷர் வைத்துத் தள்ளி மாட்டினால் காற்றுப் போகும், ஈரம் தங்காது. சிமெண்ட் பூசிய சுவரின் ஈரத்தில் காரம் இருக்கும், அது எனாமலை மெல்ல மெல்ல அரிக்கும். திருகாணிகளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடுங்கள். இரும்புத் திருகாணிகள் துருப்பிடித்துக் கீழே வடியும் செம்பழுப்புக் கோட்டை எந்தச் சோப்பும் எடுக்காது. முறுக்கும்போது திருகாணித் தலைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாஷர் இருந்தால் புதுப் பெயிண்ட் கிழியாது.

மிச்சம் இருக்கும் எனாமலைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். உள்ளே காற்று இருந்தால் ஆடை கட்டும். கலர் பெயரும் நம்பரும் மேலே ஒட்டி வையுங்கள். எங்காவது பாத்திரம் இடித்துக் கீறல் விழுந்தால் அன்றைக்கே 400 தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, இரும்பு தெரிந்தால் ஒரு சொட்டுப் பிரைமர், காய்ந்ததும் ஓவியப் பிரஷ்ஷால் குப்பியிலிருந்து ஒரு சொட்டு எனாமல்.